பொருள் கிடைக்காத துறைக்கு ஆள் சேர்த்த கதை

ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் என்ற தொல்லுயிரியல் அறிஞர் 1964இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு வெளியே உயிரைத் தேடக் கிளம்பியிருந்தவர்களை அதில் அவர் நன்றாகவே சீண்டியிருந்தார். ஆராயவேண்டிய பொருள் இருக்கிறது என்பதையே இன்னும் காட்டாத ஒன்றை எந்தக் கணக்கில் அறிவியல் என்பது என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். அறுபது ஆண்டு ஓடிவிட்டது. அஸ்ட்ரோபயாலஜி, தமிழில் வானுயிரியல் என்று இன்று சொல்லப்படும் அந்தத் துறையின் ஆய்வுமேசைக்கு வேற்றுலக உயிர் ஒன்றுகூட வந்து சேரவில்லை. ஆனாலும் அதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, கோடைப்பள்ளி இருக்கிறது, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கை இருக்கிறது, மாணவர்கள் தாங்களே கூட்டும் மாநாடும் இருக்கிறது. சிம்ப்சன் சொன்ன குறை தீராமலே ஒரு துறை எப்படி நிலைத்தது? விண்கலங்களையும் விண்கற்களையும் காட்டி இதற்குப் பதில் சொல்வதுதான் வழக்கம். அந்தப் பதில் போதாது என்பது என் வாதம். பெரிய பணம் இந்தத் துறையை விட்டுப் பலமுறை விலகிப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் அதைத் தாங்கியது, இளைஞர் ஒருவரைத் தம் துறையல்லாத இடத்தில் கொஞ்ச காலம் உட்காரவைக்கும் சிறுசிறு ஏற்பாடுகள்தான்.

முதல் சான்று, அப்படி எந்த ஏற்பாடும் இல்லாத காலத்தைச் சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டான்லி மில்லர் முதலில் எட்வர்ட் டெல்லரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். 1952இல் டெல்லர் சிகாகோவை விட்டுக் கிளம்பியதும் மில்லர் ஹெரால்ட் யூரியிடம் போனார். ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் மின்னல் வெட்டினால் உயிருக்கு வேண்டிய சேர்மங்கள் உருவாகுமா என்று சோதிக்க வேண்டும் என்றார். யூரிக்கு அதில் இஷ்டமில்லை. விண்கற்களில் தாலியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கச் சொன்னார். முனைவர் பட்டத்துக்கு அது ஆபத்தில்லாத வேலை. மில்லர் விடவில்லை. கடைசியில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பார், ஒன்றும் வராவிட்டால் வேறு வேலைக்கு வந்துவிடு என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைக்குள் டங்ஸ்டன் மின்முனைகள், கீழே கொதிக்கும் நீர், இடையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். ஒரு நாளில் நீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் கருஞ்சிவப்பாகிக் கலங்கிப்போனது. அந்தக் கலங்கலில் ஒரு பகுதி கண்ணாடியிலிருந்தே கரைந்து வந்த சிலிக்கா என்பது வேறு விஷயம். வடிதாளில் நின்ஹைட்ரின் தெளித்ததும் ஊதாப் புள்ளிகள் எழுந்தன. அவை அமினோ அமிலங்கள். 1953 மே மாதம் கட்டுரை வந்தபோது மில்லருக்கு வயது 23. நோபல் பரிசு ஏற்கெனவே கையில் இருந்த யூரி, தம் பெயரும் சேர்ந்தால் மாணவரை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று கட்டுரையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். இந்தப் பெருந்தன்மையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். கவனிக்கவேண்டியது அந்தத் தவணையைத்தான். தோற்றாலும் பாதகமில்லை என்று ஒரு மாணவருக்கு ஓராண்டை ஒருவர் கொடுத்தார். யூரியின் குணத்தை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது. அந்த ஓராண்டை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெறும்படி செய்ததுதான் பின்னால் நடந்த வேலை.

அந்த வேலையை விண்வெளிப் போட்டி தொடங்கிவைத்தது. 1957 நவம்பரில், அந்த ஆண்டுதான் இந்தியாவுக்குக் குடிவந்திருந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் கொல்கத்தா வீட்டு விருந்தில் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் இருந்தார். ஸ்புட்னிக் பறந்துகொண்டிருந்த நேரம். அன்று சந்திரகிரகணம் வேறு. அரசியல் வீம்புக்காக நிலவைக் கெடுத்துவிடுவார்களோ என்ற கவலை அந்தப் பேச்சில்தான் தம்மைப் பிடித்துக்கொண்டதாக லெடர்பெர்க் பின்னர் சொல்லியிருக்கிறார். 1959இல் நாசா, உயிரைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்து பார்க்க நுண்ணுயிரியலாளர் வுல்ஃப் விஷ்னியாக்குக்கு 4,485 டாலர் கொடுத்தது. இந்த வகையில் நாசா தந்த முதல் நல்கை அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஒரு தனிப்பிரிவு எழுந்தது. அங்கே வந்து சேர்ந்தவர்களில் நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். இலங்கையின் காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெருமா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் பெற்ற பட்டம் தத்துவத்தில். பிறகு லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஜே.டி. பெர்னாலின் நிழலில் வேதியியல் படித்து 1959இல் இரண்டாவது பட்டம் பெற்றார். பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் 1962இல் முனைவரானபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. இன்றைய விண்ணப்பப் படிவங்கள் இளநிலை ஆய்வாளர் என்பதற்கு வரையறுக்கும் ஆண்டுக்கணக்கில் இவர் பல இடங்களில் தட்டுப்பட்டிருப்பார். அன்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வழங்கிய ஆய்வு நல்கை ஒன்று அவரை ஏம்ஸுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது. அடுத்த ஆண்டே கார்ல் சேகன், ரூத் மரைனர் ஆகியோருடன் சேர்ந்து, ஆதிப் பூமிச் சூழலை ஒத்த நிலையில், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறை உருவாக்கிக் காட்டினார். வேதிப் பரிணாமப் பிரிவின் தலைமையும் அவரிடம் வந்தது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விண்கல் விழுந்தபோது அந்தப் பிரிவு தயாராக இருந்தது. கல்லில் இருந்த அமினோ அமிலங்கள் இடம், வலம் இரண்டு வடிவிலும் ஏறத்தாழ சரிபாதியாக இருந்தன. பூமியின் புரதங்களில் இல்லாதவையும் அவற்றில் இருந்தன. தொட்டவர் கையிலிருந்து ஒட்டியவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. புவிவேதியியலாளர் கீத் க்வென்வோல்டனும் தத்துவப் பட்டதாரியாகத் தொடங்கிய பொன்னம்பெருமாவும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அவர்களை அப்படிச் சேர்த்து வைத்திருக்காது.

அடுத்து வந்தது நாசாவின் வைக்கிங் திட்டம். 1976 ஜூலையிலும் செப்டம்பரிலும் இரண்டு தரையிறங்கிகள் செவ்வாயில் இறங்கின. சுமார் நூறு கோடி டாலர் செலவு, மூன்று உயிரியல் சோதனைகள். அவற்றுள் கில்பர்ட் லெவினின் சோதனை மட்டும் உயிர் இருப்பதுபோன்ற சமிக்ஞையைக் காட்டியது. ஆனால் மண்ணில் கரிமச் சேர்மம் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கிளாஸ் பீமனின் கருவி சொன்னது. பெரும்பாலோர் கடையைக் கட்டிவிட்டார்கள். அடுத்த அமெரிக்கத் தரையிறங்கி செவ்வாயைத் தொட்டது 1997 ஜூலையில். இருபத்தொரு ஆண்டு! 1976இல் ஆய்வு மாணவராக இருந்தவருக்கு அதற்குள் தலை நரைத்திருக்கும். இந்த நீண்ட வறட்சியில்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த கிறிஸ் மெக்கே, கேரல் ஸ்டோக்கர், பெனலோப்பி பாஸ்டன் போன்ற சிலர் செவ்வாயில் வாழ முடியுமா என்பதைப் பற்றித் தாங்களே ஒரு கருத்தரங்க வகுப்பை நடத்திக்கொண்டார்கள். 1981இல், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் போல்டர் நகரிலேயே அவர்கள் கூட்டிய மாநாட்டுக்கு நாசா ஆட்களே வந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் உயிரியலாளர் லின் மார்குலிஸ், நாசாவின் சிறு தொகையை வைத்துக் கோள் உயிரியல் உள்ளகப் பயிற்சி ஒன்றை நடத்திவந்தார். ஒரு மாணவரைச் சில வாரங்களுக்கு வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். நுண்ணுயிர்ப் பாய்களைக் கையால் தொட்டறியாத வேதியியலாளர் உப்பளச் சேற்றில் இறங்குவார். விண்கலத் தரவைப் பார்த்திராத நுண்ணுயிரியலாளர் ஏம்ஸுக்குப் போவார். விஷ்னியாக்கின் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். அவருடைய கருவியைச் செலவைக் காரணம் காட்டி 1972இல் வைக்கிங்கிலிருந்து கழற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அன்டார்டிகாவில் மாதிரி சேகரிக்கப் போன இடத்தில் சரிவில் விழுந்து அவர் இறந்தார். அவர் சேகரித்திருந்த பாறைகள் உயிரியலாளர் இம்ரே ஃப்ரீட்மனின் கைக்குப் போயின. அவற்றைப் பிளந்தபோது உள்ளே நுண்ணுயிர்கள் குடியிருந்தன. கருவி செவ்வாய்க்குப் போகவில்லை. கல்லை எங்கே பார்ப்பது என்ற கேள்வி மட்டும் கைமாறி, ஃப்ரீட்மனோடு பின்னாளில் அன்டார்டிகாவுக்குப் போன மெக்கே வரைக்கும் வந்துவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஜெயித்தவர்களின் பெயரை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறீர்களே, அதே பயிற்சியைப் பெற்று வேலை கிடைக்காமல் எண்ணெய்க் கம்பெனிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் போனவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒதுங்கியவர்களின் வரலாற்றை எந்தத் துறையும் எழுதிவைப்பதில்லை, இந்தத் துறையும் எழுதவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற எல்லோரும் வென்றார்கள் என்பதல்ல என் கூற்று. துறை திரும்ப எழுந்தபோது அதை நடத்த ஆள் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஏம்ஸில் செவ்வாய் ஆய்வின் முகமாக மெக்கே ஆனார். ஸ்டோக்கரும் ஏம்ஸுக்கே போனார். குகை நுண்ணுயிர்களை ஆராயப் போன பெனலோப்பி பாஸ்டன், அந்த வகுப்புக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குப் பிறகு, 2016இல், நாசாவின் வானுயிரியல் நிறுவனத்துக்கு இயக்குநரானார். தரையிறங்கி எதுவும் செவ்வாயைத் தொடாத இருபத்தொரு ஆண்டில் இந்த ஆட்களை எந்த விண்கலத் திட்டமும் உருவாக்கியிருக்க முடியாது.

அந்த நிறுவனம் பிறந்த கதை எல்லோரும் அறிந்தது. 1984இல் அன்டார்டிகாவில் எடுத்த ஏ.எல்.எச்.84001 என்ற செவ்வாய்க் கல்லில் பழைய உயிரின் தடயம் இருப்பதாக டேவிட் மெக்கே குழுவினர் 1996 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதிபர் கிளிண்டனே செய்தியாளர்கள் முன் வந்து பேசினார். அந்த முடிவை இன்று ஏற்பவர்கள் குறைவு; ஆனால் அது திறந்துவிட்ட நிதி வந்தது வந்ததுதான். 1998இல் பதினோரு குழுக்களோடு நாசா வானுயிரியல் நிறுவனம் தொடங்கியது. குழுக்கள் தத்தம் ஊரிலேயே இருக்க, ஏம்ஸில் ஓர் அலுவலகமும் காணொளி இணைப்பும் மட்டும் பொது. ஹெபடைடிஸ்-பி கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்ற மருத்துவரான பாரூக் பிளம்பெர்க் 1999இல் அதன் இயக்குநராக வந்தார். விண்வெளியோடு சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தலைமைக்குத் தேர்ந்ததில் இந்தத் துறையின் சுபாவம் தெரிகிறது. அதே காலத்தில், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வானுயிரியலுக்கு ஆய்வுப் பட்டத் திட்டம் தொடங்கியது. அதன் அமைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வானுயிரியலுக்கென்று தனித்துறை கிடையாது. மாணவர் வானியலிலோ புவியியலிலோ நுண்ணுயிரியலிலோ கடலியலிலோ சேர்ந்து அந்தத் துறையின் தேர்வுகளை எல்லோரையும் போல எழுத வேண்டும். அதற்கு மேல் பொதுப் பாடங்களைப் படித்து, தம் துறைக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வகத்தில் சிறு ஆய்வும் செய்ய வேண்டும். பட்டத்தில் இரண்டு பெயரும் இருக்கும். இது எதையும் முழுதாகத் தெரியாத அரைகுறைகளை உண்டாக்கும் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. வேலைச் சந்தையே இல்லாத துறைக்கு மாணவர் சேர்ப்பது பாவம் என்றவர்களும் உண்டு. இரண்டுக்கும் இந்த அமைப்பே பதில். தாய்த்துறையில் ஒருவர் முழு நிபுணராகத்தான் வெளிவருகிறார். வானுயிரியலில் நாற்காலி இல்லையென்றால் புவியியல் துறையில் நாற்காலி தேடலாம். செவ்வாய் பொய்த்தாலும் பிழைப்பு பொய்க்காது. அரைகுறைப் படிப்பு என்ற குற்றச்சாட்டு, உண்மையில், இளநிலைப் பட்டத்தையே இந்தக் கலப்பில் நடத்தும் திட்டங்களுக்குத்தான் பொருந்தும்.

அந்த வரவும் நீடிக்கவில்லை. நிலவுக்குத் திரும்பும் திட்டத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் 2006இல் நாசா வானுயிரியல் ஒதுக்கீட்டை ஏறத்தாழ பாதியாக வெட்டியது. அதற்குள் சில சிறிய விஷயங்கள் வேர்பிடித்திருந்தன. 2003 முதல் ஸ்பெயினின் சாண்டாண்டர் நகரில், ஒருகாலத்தில் ஸ்பெயின் மன்னர் கோடைக்குத் தங்கும் மாளிகையாக இருந்த மக்தலேனாவில், கோடைப்பள்ளி நடந்துவந்தது. ஒரு வாரம் ஐரோப்பிய மாணவரும் அமெரிக்க மாணவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து படித்தார்கள். 2004இல் அரிசோனாவின் டூசானில் ஆய்வு மாணவர்கள் தங்களுக்கென்று மாநாடு கூட்டினார்கள். அமைப்பதும் அவர்கள், பேசுவதும் அவர்கள். மூத்த பேராசிரியர்களுக்கு அழைப்பில்லை. இது ஏதோ இளவட்ட வீம்பு என்று தோன்றலாம். ஆனால் வானியலாளர் ஒருவர் நொதிகளைப் பற்றி மடத்தனமான கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க, எதிர்காலத்தில் தமக்கு வேலை தரக்கூடியவர் எதிரே இருக்கக்கூடாது. இந்த மாநாடு பிறகு ஊர் ஊராகப் போய், 2010இல் ஸ்வீடன் வரை சென்றது. ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கத் தத்துவக் கழகம் களப்பணிக்கென்று தந்த சில ஆயிரம் டாலர் நல்கையும் இந்த வரிசையில் சேரும். பாலைவனத்துக்கோ வெந்நீர் ஊற்றுக்கோ போய்வர விமானச் சீட்டும் கூடாரமும் கிடைத்தால் ஒரு மாணவரின் ஆய்வே திசைமாறும். இவற்றின் மொத்தச் செலவு ஒரு விண்கலத்தின் ஒரு கருவிக்குக்கூட உறைபோடக் காணாது.

விண்கலப் பணம் இல்லாமல் இந்தச் சில்லறையே ஏது என்று கேட்கலாம். ஏம்ஸைக் கட்டியது விண்வெளிப் போட்டிதானே, செவ்வாய்க் கல் இல்லையென்றால் 1998 ஏது? ஒப்புக்கொள்கிறேன். மூலதனம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் வந்த மூலதனம் எந்த வடிவில் தங்கியது என்று பார்த்தால் என் வாதம் நிற்கிறது. மில்லருக்குக் கலிபோர்னியாவில் ஜெஃப்ரி பேடா மாணவரானார். 2007இல் மில்லர் இறந்த பிறகு, 1950களில் அவர் உலர்த்தி வைத்திருந்த மாதிரிக் குப்பிகள் பேடாவிடம் இருந்தன. இண்டியானா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஆடம் ஜான்சன் அவற்றை நாசாவின் காடர்ட் மையத்தில் ஜேசன் டுவார்க்கினின் கருவிகளில் மறுபடி சோதித்தார். எரிமலைச் சூழலை நினைத்து மில்லர் செய்திருந்த ஒரு சோதனையில் 22 அமினோ அமிலங்கள் இருந்தது 2008இல் தெரியவந்தது. டுவார்க்கின் மில்லரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்; அவரோடு காடர்டில் வேலை செய்யும் டேனியல் கிளாவின் பேடாவின் மாணவர். 2023 செப்டம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு குறுங்கோளிலிருந்து 121.6 கிராம் துகளை யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. அந்தத் திட்டத்தின் அறிவியலாளர் டுவார்க்கின்தான். உயிர் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ம், மரபுப் பொருளின் ஐந்து காரங்களும் அதில் இருப்பதாகக் கிளாவினும் டுவார்க்கினும் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். கலம் பணத்தால் போய்வந்தது. வந்த துகளில் எதைத் தேடுவது, எது பூமியின் அசுத்தம், எது அசல் என்று பிரித்தறியும் கண், யூரி தந்த ஓராண்டுத் தவணையிலிருந்து குரு-சீட வரிசையாக இறங்கி வந்தது. 2019 கடைசியில் நாசா வானுயிரியல் நிறுவனத்தையே மூடி, அதன் இடத்தில் ஆய்வு ஒருங்கிணைப்பு வலைப்பின்னல்களைக் கொண்டுவந்தது. மூத்தவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. புதிதாக வருபவருக்குத்தான் விண்ணப்பம் அனுப்ப ஒரே விலாசம் இல்லாமல் போனது.

என் வாதம் சரியென்றால் அது இந்தத் துறையையே ஓரிடத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இளம் ஆய்வாளர்தான் இதன் உண்மையான விளைச்சல் என்றால், யாருக்கு உள்ளே இடம் என்பது முதல் கேள்வியாகிறது. காலியில் பிறந்து சென்னையில் படித்தவருக்கு ஏம்ஸ் 1962இல் கதவு திறந்தது. நாசாவின் உள்ளகப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இன்று அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நல்கைக்கு வெளிநாட்டார் விண்ணப்பிக்கலாம் என்றாலும் விசாவும் பாதுகாப்புச் சோதனையும் குறுக்கே நிற்கின்றன. பொன்னம்பெருமா இதை முன்னதாகவே உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. 1971இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், 1980களில் கண்டியின் அடிப்படை ஆய்வு நிறுவனத்தை இயக்கினார். இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1992இல், அப்துஸ் சலாம் இத்தாலியின் ட்ரியெஸ்தேயில் மூன்றாம் உலக அறிவியலாளர்களுக்காக நிறுவிய மையத்தில் ஹூலியன் சேலா-ஃப்ளோரெஸுடன் வேதிப் பரிணாம மாநாடுகளைத் தொடங்கிவைத்தார். 2003க்குள் ஏழு நடந்தன. இந்தியாவிலும் ஆள் பஞ்சம் இல்லை. 2005 ஏப்ரலில் ஹைதராபாத்திலிருந்து ஏவிய பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் பிடித்துவந்த காற்றில், ஹைதராபாத், புனே ஆய்வகங்களின் நுண்ணுயிரியலாளர்கள் மூன்று புதிய பாக்டீரியா இனங்களைக் கண்டார்கள். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், இன்னொன்றுக்கு ஆர்யபட்டரின் பெயர். அவர்கள் யாரும் வானுயிரியலாளராகச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர்; தங்கள் வழக்கமான வேலைக்கு நடுவே இதைச் செய்தார்கள். அவர்களிடம் பயின்ற ஒரு மாணவர் ஆறு மாதம் ஒரு புவிவேதியியல் கூடத்தில் போய் உட்கார வழிசெய்ய, இன்னொரு பலூன் ஏவும் செலவில் சிறு பங்கு போதும். நாசாவோ வேறு எவரோ கருவி ஒன்றைக் கலத்திலிருந்து கழற்றும்போது பத்திரிகையில் செய்தி வருகிறது. கடவுச்சீட்டைப் பார்த்து ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கும்போது வருவதில்லை. இந்த அறுபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய இழப்பு.